சொப்புக்கு எந்த ஊர்?

திருப்பதிக்குப் போனவர்கள் குழந்தைகளுக்கு வாங்கி வந்த மரச்சொப்பும் மரப்பாச்சியும் இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலையும் பொருள்கள். ஒவ்வொரு ஊர்ச் சொப்பும் அந்த ஊர் அடுப்பங்கரையைச் சொல்கிறது. மரப்பாச்சியின் சிவப்பு மரம் மட்டும் வேறொரு கதை சொல்கிறது.

அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டாவுக்குப் போகும் ரயில் பாதையில் திருத்தணியைத் தாண்டி, ஏகாம்பரகுப்பத்தையும் கடந்தால் புத்தூர். வெளியூர்க்காரர்களுக்கு இது எலும்பு முறிவு வைத்தியத்தின் ஊர். 'புத்தூர் கட்டு' என்று பலகை மாட்டிய வைத்தியசாலைகள் தமிழ்நாட்டின் சிறு நகரங்களிலும் உண்டு. ஆனால் சென்னை, செங்கல்பட்டு, வட ஆற்காடு பக்கத்துக் குடும்பங்களுக்கு இது திருமலைக்குப் போகும் வழி. மொட்டையடித்த தலையோடு திரும்பும் யாத்திரிகர்களைச் சுமந்துகொண்டு தலைமுறை தலைமுறையாக ரயில் இந்த வழியே போய் வந்திருக்கிறது.

அவர்கள் பையில் லட்டு இருக்கும். பெருமாள் படம் இருக்கும். வீட்டில் பெண் குழந்தை இருந்தால் மூன்றாவதாக ஒரு பொருளும் இருக்கும்: கடைசல் மரத்தில் செய்து அரக்கு வண்ணம் பூசிய சொப்பு, அல்லது செம்மரத்தில் செதுக்கிய ஒரு ஜோடி மரப்பாச்சி. லட்டு இரண்டு நாளில் தீர்ந்துவிடும். படம் பூஜை அறைக்குப் போய்விடும். சொப்பு மட்டும் குழந்தை வளர்ந்து, கல்யாணமாகி, அவளுக்கே பேத்தி பிறந்த பிறகும் பரணில் கிடக்கும்.

அந்தப் பரண்களைத்தான் இப்போது பலர் கிளறத் தொடங்கியிருக்கிறார்கள். பழைய தபால் தலை, நாணயம், தீப்பெட்டிப் படம் சேர்த்தவர்களின் வரிசையில் சொப்பு சேர்ப்பவர்களும் வந்துவிட்டார்கள். கையில் ஒரு சிறு மரக் குடம் கிடைத்தால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி விலை அல்ல, "இது எந்த ஊர்?" என்பதுதான்.

செப்பு, சொப்பு, செட்

சொப்பு என்பது செப்பு என்ற பழைய சொல்லின் பேச்சு வழக்கு. மூடி போட்ட சிறு பாத்திரத்துக்குச் செப்பு என்று பெயர். திருக்குறளில் உட்பகை பற்றிச் சொல்ல வந்த வள்ளுவர், வெளியே பொருந்தியிருந்தும் உள்ளே ஒட்டாத குடும்பத்துக்குச் செப்பையும் அதன் மூடியையும் உவமையாக்குகிறார். மரப்பாச்சியின் மூதாதையான மரப்பாவையும் திருக்குறளில் உண்டு. பட்டினப்பாலையில் மூன்று சக்கரச் சிறுதேர் வருகிறது. பெண் குழந்தைகள் மணலில் வீடு கட்டி விளையாடும் சிற்றிலும், மணலையே சோறாக்கிப் பரிமாறும் சிறுசோறும் சங்க இலக்கியம் முதல் பிள்ளைத்தமிழ் வரை தொடர்ந்து வருகின்றன. சிற்றிலை வந்து கலைக்காதே என்று கண்ணனிடம் கெஞ்சுவதற்கு ஆண்டாள் ஒரு பதிகமே ஒதுக்கியிருக்கிறாள். இலக்கியத்தில் மணலாக இருந்தது பிற்காலத்தில் மண்ணாக, மரமாக, மாக்கல்லாக, பித்தளையாக, தகரமாக, கடைசியில் பிளாஸ்டிக்காக மாறியது.

வியாபாரிகள் இதற்கு 'செட்' என்கிறார்கள். கொலு பொம்மைக் கடைகளிலும் அதே சொல்தான். கல்யாண செட், பள்ளிக்கூட செட், கிரிக்கெட் செட். பருப்பும் அரிசியும் குவித்துவைத்து உட்கார்ந்திருக்கும் செட்டியார் தம்பதியும் உண்மையில் ஒரு செட்தான். அதே கல்யாண ஊர்வலம் பண்ருட்டியில் களிமண்ணில் வரும், ஆந்திரத்துக் கொண்டபள்ளியில் மரத்தில் வரும். பல்லக்கின் வளைவும் மேளக்காரரின் தலைப்பாகையும் ஊருக்கு ஊர் மாறும்.

மேலை நாட்டில் இதற்கு நிகரானது நியூரம்பர்க் அடுப்பங்கரை. ஜெர்மனியின் அந்த நகரத்தின் பெயரால் வழங்கும் பொம்மைச் சமையலறைகளில் குட்டிக் கரண்டியும் தட்டும் வாணலியும் சுவர் முழுக்கத் தொங்கும். ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் அவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். எந்தக் காலத்தில் எந்த வீட்டில் என்ன பாத்திரம் இருந்தது என்பதற்கு அவை சாட்சி. சொப்பும் அப்படிப்பட்ட சாட்சிதான். ஆனால் அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டுப் பிளாஸ்டிக் வாளி வாங்கிய வீடுகள்தான் இங்கே அதிகம்.

மரமும் எடையும்

வாங்கிய ஊர் வேறு, பிறந்த ஊர் வேறு. சேகரிப்பவர் முதலில் கற்கவேண்டிய பாடம் இது. திருப்பதி போன்ற யாத்திரைத் தலம் ஒரு பெரிய சந்தை. பல ஊர்ச் சரக்கு அங்கே வந்து விற்கும். பாட்டி "இது திருப்பதிச் சொப்பு" என்று சொன்னால் அது திருப்பதியில் வாங்கியது என்றுதான் பொருள். எங்கே செய்தது என்பதைச் சொப்பே சொல்லவேண்டும்.

அதற்கு முதல் சாட்சி மரம். ஆந்திரத்தின் வட கோடியில், வராக நதிக்கரையில் இருக்கும் ஏடிகொப்பாகாவில் செய்யும் சொப்புக்கு 'அங்குடு' மரம். மைசூர் சாலையில் இருக்கும் சென்னபட்டணத்தில் அதையே 'ஆலெ' மரம் என்கிறார்கள். தமிழில் வெட்பாலை. மூன்று பெயருக்கும் மரம் ஒன்றே. வெளிறிய தந்த நிறம், மென்மையான நார், கடைசலுக்கு இணக்கம். திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணிக் கரையில் இருக்கும் அம்பாசமுத்திரத்துக் கடைசல்காரர்கள் மஞ்சக்கடம்பைப் பயன்படுத்தினார்கள். கொண்டபள்ளியில் கடைசல் இல்லை. 'தெல்ல பொனிகி' என்ற மிக லேசான மரத்தில் தலை, கை, கால் என்று தனித்தனியாகச் செதுக்கி, புளியங்கொட்டைப் பசையும் மரத்தூளும் கலந்த மக்கு வைத்து ஒட்டி, மேலே வண்ணம் தீட்டுவார்கள். கையில் எடுத்தால் காகிதம்போல இருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் நேர் எதிர் திருப்பதி மரப்பாச்சி. செம்மரத்தின் வைரம் தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனமானது. உள்ளங்கை அளவு பொம்மையே கல்லைப்போலக் கனக்கும். நேராக நின்று நேராகப் பார்க்கும் ஜோடி. ஒட்டுப் போடாமல் ஒரே கட்டையில் செதுக்கியது. ஆடையும் நகையும் கீறலாகவே இருக்கும். ஆண்டுகள் போகப்போகச் சிவப்பு கறுத்து, கைபட்ட இடமெல்லாம் மெருகேறி, மூக்கும் விரலும் மழுங்கிப்போகும். அந்த மழுங்கலில்தான் அதன் வயது இருக்கிறது. குழந்தைக்கு உடம்பு காந்தினாலோ கட்டி வந்தாலோ பொம்மையையே கல்லில் உரைத்துப் பற்றுப் போட்ட வீடுகள் உண்டு. அதனால் முதுகோ பாதமோ தேய்ந்த மரப்பாச்சி கிடைத்தால் அதைக் குறை என்று ஒதுக்கக்கூடாது. அந்த வீட்டில் எத்தனை குழந்தைகள் வளர்ந்தன என்பதற்கு அது கணக்கு. சாயம் ஏற்றிய வேறு மரத்தைச் செம்மரம் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். பொம்மையைச் சேதப்படுத்தாத சோதனை எடைதான்.

இரண்டாவது சாட்சி அரக்கு. கடைசல் இயந்திரத்தில் மரத்துண்டு சுழலும்போது வண்ண அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறும். பிறகு தாழை மடலால் அழுத்தித் தேய்த்தால் கண்ணாடிப் பளபளப்பு வரும். இதில் தூரிகைக்கு வேலையே இல்லை. அதனால்தான் கடைசல் சொப்பில் வண்ணம் வளையம் வளையமாக இருக்கிறது. தூரிகைக் கோடு தெரிந்தால் அது பெயிண்ட், பின்னாளில் வந்தது அல்லது பின்னாளில் யாரோ பூசியது. முன்பு ஒருவர் கயிற்றையோ வில்லையோ இழுத்துச் சுழற்ற, மற்றொருவர் உளி பிடித்தார். பிறகு மின்சார மோட்டார் வந்தது.

மூன்றாவது சாட்சி பெட்டி. திருநெல்வேலிச் சொப்பு பனையோலைப் பெட்டியில் வரும். பெட்டியோடு கிடைத்தால் சேகரிப்பவருக்கு அது புதையல். ஏனென்றால் விளையாட்டுச் சாமானில் முதலில் தொலைவது பெட்டிதான்.

அடுப்பைப் பார், வயதைச் சொல்

ஊரைக் கண்டுபிடிக்க இன்னொரு வழி, செட்டுக்குள் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது. தமிழ்நாட்டுச் செட்டில் அம்மி, ஆட்டுக்கல், உரல், உலக்கை, திருகை, குடம், சருவம், இட்லிப் பானை, தோசைக்கல் இருக்கும். காப்பி குடிக்கும் ஊர் என்றால் பில்டரும் இருக்கும். தெலுங்கு வீட்டில் இதற்கு 'லக்கபிடதலு' என்று பெயர். அரக்குச் சட்டி என்று பொருள். உரல் அங்கே ரோலு, உலக்கை ரோகலி, திருகை திரகலி. மராட்டியத்துக்குப் போனால் பெயர் 'பாதுகலி'. அங்கே இட்லிப் பானைக்கு வேலை குறைவு. வட்டப் பலகையும் உருட்டுக் கட்டையும் முன்னுக்கு வந்துவிடும். பித்தளையிலும் செம்பிலும் செய்த பாதுகலிகள் அங்கே பெயர் பெற்றவை. சாவந்த்வாடியின் மரச் செட்டுக்கும் தனி மரியாதை உண்டு. தமிழ்நாட்டிலும் எல்லாம் மரம் அல்ல. சேலம், நாமக்கல் பக்கம் மாக்கல்லில் குடைந்தார்கள். கும்பகோணத்துப் பித்தளைச் சொப்பு சீர்வரிசையில் வைக்கும் அளவுக்குக் கௌரவமானது.

வயதைக் கணிக்க அடுப்பு உதவும். மண் அடுப்பு, கும்முட்டி, திரி ஸ்டவ், கேஸ் அடுப்பு என்று வீட்டு அடுப்பு மாறிய வரிசையிலேயே சொப்பு அடுப்பும் மாறியது. ஹாக்கின்ஸும் பிரெஸ்டீஜும் இந்தியாவில் குக்கர் தயாரிக்கத் தொடங்கியது 1959இல். இண்டேன் சமையல் வாயு அறிமுகமானது 1965இல். எனவே குக்கரும் சிலிண்டரும் இருக்கும் மரச் செட்டை "நூறு வருஷத்துப் பழசு" என்று யாராவது விற்க வந்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். அப்படியென்றால் சிலிண்டர் செட்டுக்கு மதிப்பு இல்லை என்பதும் இல்லை. அம்மியும் குக்கரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் செட், ஒரு தலைமுறை பெண்கள் எந்த இடத்தில் நின்றார்கள் என்பதை வேறெந்த ஆவணத்தையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது.

இதில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. சொப்பு வெறும் விளையாட்டு அல்ல, பயிற்சியும்கூட. பெண்ணுக்குச் சொப்பு, பையனுக்குப் பம்பரமும் நடைவண்டியும் என்று வீடு பிரித்துக் கொடுத்தது. அழகாக இருக்கிறது என்பதற்காக அதை மறந்துவிட முடியாது. நல்ல சேகரிப்பு இதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

ஒரே அச்சு, பல நிறம்

ஊருக்கு ஊர் மாறுவதைத் தேடும் இந்தப் பித்து இந்தியாவுக்கு மட்டும் உரியது அல்ல. அமெரிக்காவில் பிஷர்-பிரைஸ் கம்பெனி 1968இல் வெளியிட்ட பண்ணை வீட்டுச் செட்டில் கதவைத் திறந்தால் மாடு கத்தும். அதைத் தேடி வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஹாஸ்புரோ கம்பெனியின் ஜி.ஐ. ஜோ போர்வீரர் பொம்மைகளின் கதை இன்னும் சுவாரஸ்யம். பிரேசிலில் எஸ்ட்ரேலா, அர்ஜென்டினாவில் பிளாஸ்டிராமா, இந்தியாவில் பன்ஸ்கூல் என்று பல நாட்டு நிறுவனங்கள் அவற்றைத் தயாரித்தன. டயர் கம்பெனியான எம்.ஆர்.எப்.பும் ஹாஸ்புரோவும் சேர்ந்து 1987இல் தொடங்கியதுதான் பன்ஸ்கூல். அச்சு ஒன்றாக இருந்தாலும் உடையின் நிறமும் அட்டையின் எழுத்தும் நாட்டுக்கு நாடு மாறின. அமெரிக்கக் குழந்தை பார்க்காத நிறத்தில் இந்தியக் குழந்தையின் கையில் இருந்த வீரனை இன்று அமெரிக்காவில் வளர்ந்துவிட்ட குழந்தைகள் தேடுகிறார்கள். மேட்டல் கம்பெனியின் பார்பியும் இந்தியாவுக்கு வந்ததும் சேலை கட்டி, பொட்டு வைத்துக்கொண்டாள்.

தொழிற்சாலைப் பொம்மையில் இந்த மாற்றம் வியாபாரத் திட்டம். சொப்பில் அது பழக்கம். ஏடிகொப்பாகாவின் கடைசல்காரர் சென்னபட்டணத்திலிருந்து மாறுபட வேண்டும் என்று மாறவில்லை. தன் ஊர்ப் பெண்கள் எந்தச் சட்டியில் குழம்பு வைத்தார்களோ அதைச் சிறிதாக்கினார், அவ்வளவுதான். தொழிற்சாலைச் சரக்குக்குப் பட்டியல் உண்டு, எண் உண்டு, பெட்டியில் ஆண்டு உண்டு. சொப்புக்கு இவை எதுவும் கிடையாது. செய்தவர் பெயரும் கிடையாது. 1961ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது கைவினைத் தொழில்களைப் பற்றித் தனி ஆய்வுகள் நடந்தன. அதுபோன்ற முயற்சிகளை விட்டால் சொப்பின் வரலாறு வீட்டு நினைவில்தான் இருக்கிறது. பாட்டி போய்விட்டால் சொப்பின் ஊரும் போய்விடும்.

எல்லை ஊரின் கொலு

புத்தூர், நகரி, திருத்தணி வட்டாரத்தில் இந்தக் கேள்வி இன்னும் சிக்கலானது. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வேங்கடத்தை வடக்கெல்லையாகச் சொல்கிறது. சித்தூர் மாவட்டம் 1911இல் உருவானபோது வட ஆற்காட்டிலிருந்து பெரும்பகுதி அதற்குப் போனது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது மாவட்டம் அங்கே சேர்ந்தது. ம.பொ.சி. தலைமையில் நடந்த வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின் படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. புத்தூர் அந்தப் பக்கமே நின்றது. 2022இல் சித்தூர் மாவட்டம் மீண்டும் பிரிந்து திருப்பதி தனி மாவட்டமாயிற்று.

கோடு எங்கே போட்டாலும் பரண் மாறவில்லை. வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்தவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். தமிழ் வீடுகளில் கொலு நவராத்திரிக்கு. தெலுங்கு வீடுகளில் சிலர் தசராவுக்கும், சிலர் சங்கராந்திக்கும் 'பொம்மல கொலுவு' வைப்பார்கள். எந்தக் கொலுவானாலும் புதுத் துணி சுற்றிய மரப்பாச்சி ஜோடிக்கு மரியாதையான இடம் உண்டு. அதே ஜோடி மைசூர்ப் பக்கம் போனால் 'பட்டத கொம்பெ', அதாவது பட்டத்து ராஜா ராணி. கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குத் தாய்வீட்டுச் சீராக அதைக் கொடுக்கும் வழக்கம் இருந்ததால் ஒரு ஊர்ப் பொம்மை எத்தனையோ ஊர் போயிருக்கிறது. சேகரிப்பவர் மரத்தைப் பார்த்து ஊரைச் சொல்லிவிடலாம். எந்தக் கல்யாணத்தில் அது எல்லை தாண்டியது என்பதை வீட்டார்தான் சொல்லவேண்டும்.

சிவப்பு மரத்தின் விலை

மரப்பாச்சியைப் பற்றிப் பேசும்போது சேஷாசலம் காட்டைப் பற்றிப் பேசாமல் முடியாது. செம்மரம் உலகத்தில் எல்லா இடத்திலும் வளர்வது அல்ல. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், முக்கியமாகச் சித்தூர், கடப்பை, நெல்லூர் பக்கத்து மலைகளில் இயற்கையாக விளைவது. சீனாவில் அரச குடும்பங்கள் பயன்படுத்திய மேசை நாற்காலிகளின் மரமாக அதற்குப் பெயர். ஜப்பானில் ஷாமிசென் என்ற தந்தி வாத்தியத்துக்கு அதைத் தேடுவார்கள். இந்தத் தேவைதான் கடத்தலை வளர்த்தது. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் செம்மரம் 1995இல் சேர்ந்தது. 2004 முதல் இந்தியாவின் செம்மர வர்த்தகம் அந்த உடன்படிக்கையின் தனிக் கண்காணிப்பில் இருந்தது. 2023 நவம்பரில்தான் அதிலிருந்து விடுபட்டது.

நடுவில் நடந்தது பட்டியலில் அடங்காது. 2015 ஏப்ரல் 7 அன்று சந்திரகிரி பக்கத்துச் சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப்படை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் மாவட்டத்து ஏழைகள், பலர் மலைவாழ் மக்கள். மரம் வெட்ட வந்தவர்கள் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். பிடித்துக்கொண்டு போய்ச் சுட்டார்கள் என்றார்கள் உறவினர்களும் மனித உரிமை அமைப்புகளும். கட்டையை விற்றுப் பணம் பார்த்தவர்கள் அந்தக் காட்டில் செத்துக் கிடக்கவில்லை.

கப்பலில் போன கட்டைகளோடு ஒப்பிட்டால் பொம்மைக்குச் செலவான மரம் சொற்பம். ஒரு மரப்பாச்சிக்கு வேண்டியது ஒரு சாண் துண்டு. ஆனால் கெடுபிடி வந்தபோது முதலில் தட்டுப்பட்டது சிறிய கைவினைஞர்தான். காளஹஸ்தி பக்கம் மாதவமாலை போன்ற ஊர்களில் மரம் செதுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அனுமதியுள்ள மரம் கிடைத்தால்தான் செம்மரத்தில் அவர்கள் உளி வைக்கமுடியும். கிடைக்காவிட்டால் வேறு மரம். பொம்மை பொம்மையாகவே இருக்கும், மரப்பாச்சியாக இராது.

சேகரிப்பவருக்கும் இதில் பொறுப்பு உண்டு. பழைய வீட்டுப் பொம்மையை வாங்குவது வேறு. 'பழசு' என்ற பெயரில் புதிதாக வெட்டிய செம்மரத்தைச் செதுக்கி விற்பதை வாங்குவது வேறு. இரண்டாவது, காட்டில் கோடரி விழக் காசு கொடுப்பதற்குச் சமம். ரசீது கேட்கவேண்டும். செம்மரப் பொருளை வெளிநாட்டுக்கு எடுத்துப்போக ஆசைப்படுகிறவர்கள் முன்கூட்டியே அனுமதி விதிகளைப் பார்த்துக்கொள்ளவேண்டும். நூறு ஆண்டைத் தாண்டிய கலைப்பொருள் என்றால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் குறுக்கே வரும்.

வாயில் வைக்கும் பொருள்

இன்னொரு எச்சரிக்கை குழந்தைகளைப் பற்றியது. பழைய பெயிண்டில் ஈயம் இருந்திருக்கலாம். எனவே பெயிண்ட் அடித்த பழைய தகரச் சொப்பையும் மரச் சொப்பையும் அலமாரியில் வைத்து ரசிக்கலாம், பேரக் குழந்தையின் கையில் கொடுக்கக் கூடாது. இயற்கை அரக்கும் தாவரச் சாயமும் இந்த இடத்தில்தான் ஜெயிக்கின்றன. ஏடிகொப்பாகாவில் சி.வி. ராஜு என்பவர் ரசாயனச் சாயத்தை விட்டு மஞ்சள், அவுரி, ஜாப்ரா விதை போன்ற தாவரச் சாயங்களுக்குக் கடைசல்காரர்களைத் திருப்பினார். அவருக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த ஊர்ப் பொம்மைக்கு 2017இல் புவிசார் குறியீடும் கிடைத்திருந்தது.

2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானது. மலிவான தரமற்ற இறக்குமதியைத் தடுக்க வந்த ஆணை இது. ஒற்றை உளியோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் பரிசோதனைக் கூடத்துக்கு எங்கே போவார் என்ற கேள்வி எழுந்தது. கைவினை ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு தந்தார்கள். பதிவு இல்லாத, குறியீடு இல்லாத ஊர்க் கடைசல்காரர் அந்த விலக்குக்கு வெளியே நிற்கிறார்.

சேர்ப்பதும் பிரிப்பதும்

பொம்மைகளுக்கு மாளிகை கட்டியவர்களும் இந்த நாட்டில் இருக்கிறார்கள். கார்ட்டூனிஸ்ட் சங்கர் டெல்லியில் அமைத்த சர்வதேச பொம்மை அருங்காட்சியகத்தை 1965 நவம்பர் 30 அன்று திறந்துவைத்தவர் ஜனாதிபதி ராதாகிருஷ்ணன். திருத்தணியில் பிறந்து திருப்பதியில் படித்தவர். புனேயில் தினகர் கேல்கர் என்பவர் சிறுவயதிலேயே இறந்துபோன தன் மகன் ராஜாவின் நினைவாக வீட்டுப் பொருள்களைச் சேர்த்தார். விளக்கு, பாக்குவெட்டி, பாத்திரம், கதவு என்று மற்றவர்கள் தூக்கியெறிந்தவை. அவை இன்று ஒரு பெரிய அருங்காட்சியகம். புகழ்பெற்ற ஓவியமோ சிற்பமோ தேடாமல் அடுப்பங்கரைச் சாமானுக்கும் வரலாறு உண்டு என்று அவர் காட்டினார்.

மாளிகை கட்ட எல்லோராலும் முடியாது. ஆனால் செட்டைக் கலைக்காமல் இருக்க முடியும். சொப்பு சேர்ப்பதில் நடக்கும் பெரிய சேதம் கரையானாலோ குழந்தையாலோ அல்ல, வாங்குகிறவர்களாலேயே நடக்கிறது. அழகான குடத்தை மட்டும் ஒருவர் எடுத்துக்கொள்வார். அம்மியை இன்னொருவர் கொண்டுபோவார். மிச்சம் கூடையில் கிடக்கும். தனியாக நிற்கும் குடம் அழகுப் பொருள். பன்னிரண்டு சாமானோடு நிற்கும் குடம் ஒரு வீடு. உடைந்த உலக்கையும் மூடி தொலைந்த சட்டியும் அந்த வீட்டைச் சேர்ந்தவை.

பாதுகாப்பதும் பெரிய வித்தை அல்ல. நேர் வெயில் படக்கூடாது, தாவரச் சாயம் வெளுத்துவிடும். அரக்கு சூடு தாங்காது, அடுப்பு, ஹீட்டர் பக்கம் வைக்கக்கூடாது. தண்ணீரில் கழுவாமல் உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். பழைய சொப்புக்குப் புதுப் பெயிண்ட் அடிப்பது அதன் வாயைத் தைப்பது மாதிரி.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒரு துண்டுக் காகிதம். இந்தச் சொப்பு யாருக்கு வாங்கியது, எந்த ஆண்டு, எந்தப் பயணத்தில், எந்தக் கடைத்தெருவில், வீட்டில் அதற்கு என்ன பெயர் என்று ஐந்து வரி. தமிழிலோ தெலுங்கிலோ, வீட்டில் பேசும் மொழியிலேயே எழுதிப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். சொல்லக்கூடியவர் இன்னும் வீட்டில் இருக்கும்போதே அதை எழுதிவிடுவது நல்லது.